மண் கேட்டவள்

பூரணி கஞ்சிக் கரண்டியைப் படுக்கையில் கிடந்த மாமியாரின் உதட்டருகே கொண்டுபோனாள். சண்முகவடிவு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிங்க அத்தே."

"வேணாம். ஒடம்பு வேற கேக்குது."

"என்னா வேணும்? ரொட்டி கரைச்சுத் தரவா?"

கிழவி கண்ணைத் திறந்து அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். "அதுல கொஞ்சம் சுரண்டிக் குடு."

பூரணி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சுவர் மண்ணைத் தின்றதற்காகத்தான் போன மாசம் இதே கிழவி அவள் வாயில் விரலை விட்டுத் துழாவி, வெந்நீர் ஊற்றிக் கொப்புளிக்க வைத்து, லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி வைதாள். பூரணிக்கு வயிற்றில் உண்டானால் போதும், மண் மேல்தான் ஆசை போகும். மழை விழுந்து வாசம் எழும்பினாலே வாயில் எச்சில் ஊறிவிடும். முன்னே இரண்டு பிள்ளை தங்காமல் போனதற்கும் அதுதான் காரணம் என்பது சண்முகவடிவின் கட்சி.

"மண்ணு சும்மா ருசிக்காதுடி. தின்னவளக் கூப்பிடும். இல்லாட்டி வயித்துல உள்ளத வாங்கிக்கும்" என்பாள்.

இந்த முறை கிழவி கூப்பனுக்கு அளந்த அரிசியில் தன் பங்கையும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தட்டு காலியாகும்வரை காவல்காரனைப் போல எதிரே உட்கார்ந்திருந்தாள். பூரணியும் குமட்டக் குமட்டத் தின்றாள். நாக்கு என்னவோ மண்ணைத்தான் கேட்டது. ஆறாம் மாசம் முடியப் போகிறது. பிள்ளை ஒரு தரம்கூட அசையவில்லை. கிழவி தினமும் காலையில் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு எடுத்துக்கொள்வாள்.

"என்னாடி யோசிக்கிற? ஒன் நாக்கு கேக்குறது பூராத்தையும் எனக்குக் குடு" என்றாள் இப்போது.

பூரணி நகத்தால் சுரண்டிக் கொடுத்தாள். கிழவி அதைக் கற்கண்டைப் போல நாக்கில் உருட்டினாள். ஒரு கையை மருமகள் வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை. தோட்டத்துப் பகல் சங்கு ஊதியபோது அது சில்லிட்டுப் போயிருந்தது. பூரணிதான் இரண்டு கையாலும் அதைத் தூக்கி அப்பால் வைத்தாள்.

பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று பக்கத்துக் காம்பராவிலிருந்த பேச்சியம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். குளிப்பாட்டும் பெண்களின் பேச்சு சுவர் தாண்டி வந்தது.

"வாயிக்குள்ள என்னா இது? மண்ணு!"

"தண்ணிய ஊத்து."

"ஊத்திட்டேன். கழுவக் கழுவ வருதே அக்கா."

பிறகு வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. சுரண்டிக் கொடுத்தது ஒரு நகக் கண் அளவு. பூரணி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். மண் அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டதோ, தானேதான் பிடித்துக் கொடுத்தோமோ என்று நினைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் அடக்கம் முடித்துத் தேயிலை மலையிலிருந்து திரும்பினார்கள். அவள் புருஷன் அழகன் மண்வெட்டியைப் பேச்சியம்மா வீட்டு வாசலில் சாத்திவிட்டுக் குளிக்கப் போனான். குழி வெட்டிய ஈர மண் அதில் அப்பியிருந்தது. பூரணி பயந்துகொண்டே மூச்சை இழுத்தாள். எச்சில் ஊறுமென்று காத்திருந்தாள். ஊறவில்லை. நாக்குக்கு அது வெறும் மண்ணாக இருந்தது.

அப்புறம்தான் பசித்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு வயிறு தானாகவே கேட்டது.

"அக்கா, சோறு இருக்கா?"

சாவு வீட்டு மருமகள் வாய்விட்டுக் கேட்கிறாளே என்று பேச்சியம்மா ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள். பூரணி ருசித்துச் சாப்பிட்டாள். பாதியில் உடம்பு போதும் என்றது. கையை நிறுத்தினாள். மீதியைத் தின்னச் சொல்லி அதட்ட எதிரே யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள்.

வீட்டில் கிழவி கிடந்த இடத்தில் விளக்கும் சொம்புத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். பூரணி அடுப்படிச் சுவரில் ஒரு கட்டியைப் பெயர்த்து வந்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னா புள்ள இது?" என்றான் அழகன்.

"அத்தைக்கு."

"அம்மாவுக்கா? மண்ணக் கண்டாலே அவங்களுக்கு ஆகாதே."

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

விடியும்போது நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து ஏறிவந்த பனி வாசலில் நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொம்பில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மண் கட்டியின் ஒரு ஓரம் மட்டும் ஈரமாகி, மழுங்கித் தேய்ந்திருந்தது. பூரணி அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தகரம் காய்ந்துதான் கிடந்தது. சுற்றிலும் தரையைத் தடவினாள். அதுவும் காய்ந்திருந்தது.

ஈர மண் வாசத்துக்கும் அவள் வாயில் ஈரம் ஊறவில்லை.

வயிற்றின் இடப்பக்கம், நேற்று அந்தக் கை கிடந்த இடத்தில், உள்ளிருந்து ஏதோ முட்டியது. பூரணி அப்படியே நின்றாள். மறுபடியும் முட்டியது.

அழகன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து, ஈரமான பக்கம் சுவரைப் பார்க்கும்படி கட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.