ஹேவர்காம்ப் வீட்டுத் தலைக்கவசம்

அமெரிக்காவின் அயோவாவில் நாங்கள் ஆடும் கவசப் போர் விளையாட்டில் அடியின் கனத்தைத் தீர்மானிப்பவர் அடி வாங்கியவர்தான். பிரம்பு வாள் பலமாக விழுந்தால் ‘பட்டது’ என்று சொல்லிச் சாய வேண்டும்; ஆட்டத்தில் அதுதான் சாவு. இல்லையென்றால் ‘லேசு’ என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். நடுவர்கள் அதில் வாய் திறக்க மாட்டார்கள். ஹேவர்காம்ப் வீட்டாரான நாங்கள் வாங்கிய அடியை மறைத்ததில்லை.

ஆகவே, வசந்தப் போட்டியில் என் மகள் மார்லிஸ் பலமான அடியை ‘லேசு’ என்று தள்ளிவிட்டுப் பக்கத்துப் பண்ணை டுவெய்னை ஜெயித்தாள் என்று பேச்சு வந்ததும், நானே கார்லைக் கூப்பிட்டேன். அவன் டிராக்டர் தொழிற்சாலையில் இன்ஜினியர். அடியின் வேகத்தை அளக்கும் சின்ன சென்சாரை எங்கள் வீட்டுத் தலைக்கவசத்துக்குள் ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் டுவெய்ன் மார்லிஸை அடித்தான். வசந்தப் போட்டியில் கேட்ட அதே டமார் சத்தம்.

“லேசு,” என்றாள்.

“லேசா? எங்க தொழுவத்துப் பசு மிரண்டிருக்கும்!” என்றான் டுவெய்ன்.

கார்ல் போனைப் பார்த்தான். “நாப்பத்தொண்ணு.”

“அது கம்மியா ஜாஸ்தியா? எதோட ஒப்பிடுறது?” என்று கேட்டான் டுவெய்ன்.

“என்னோட ஒப்பிடு,” என்று அதே கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டேன். டுவெய்ன் ஓங்கி அடித்தான். “பட்டது!” என்று முறைப்படி விழுந்தேன். புல்லில் கிடந்தபடியே கேட்டேன்: “எவ்வளவு?”

கார்ல் தயங்கினான். “இருபத்தாறு, சார்.”

“அப்போ மார்லிஸ் எப்பவோ செத்திருக்கணும்!” என்றது ஒரு குரல்.

“இல்லடா, பெரியவர்தான் ஓசில செத்துட்டாரு!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடி பலமாகத்தான் விழுந்தது. தலை அளவு, உள்ளே இருக்கும் பஞ்சு, கழுத்து என்று கார்ல் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் அவனும் தலையைச் சொறிந்தான்.

“நான் பொய் சொல்லலப்பா,” என்றாள் மார்லிஸ்.

“தெரியும்.”

“அப்போ நீங்க?”

“நானும் சொல்லல.”

இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று இருவருக்கும் புரியவில்லை.

கோடைப் போட்டியின் கடைசிச் சுற்றிலும் அவளுக்கு எதிரே டுவெய்ன்தான். சென்சார் இன்னும் கவசத்துக்குள்ளேயே இருந்தது. அவன் வாள் அவள் தலையோரம் பட்டது. பெரிய சத்தமில்லை. முன்பெல்லாம் உடனே சொல்லிவிடுகிறவள், இப்போது அசையாமல் நின்றாள். கவசத்தின் முகக் கம்பிகள் என் பக்கம் திரும்பின.

“பட்டது,” என்று விழுந்தாள்.

“ஏய், அது லேசு! எந்திரி மார்லிஸ்!” என்று கத்தினான் ஜெயித்தவனே.

கீழே கிடந்தவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

கார்ல் போனோடு ஓடி வந்தான். “எண்ணைச் சொல்லட்டுமா, சார்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் என்றால் எதையோ மறைப்பதாகிவிடும். சொல் என்றால் என் மகளின் வார்த்தையை நானே நம்பாததாகிவிடும். முதுகை நிமிர்த்தி நின்றேன்.

“அப்பா, முதல்ல யாராச்சும் என்னத் தூக்கி விடுங்களேன்!”

அவளைத் தூக்கப் போனேன். கார்ல் போனை நீட்டியபடியே பின்னால் வந்தான்.