முன்பக்க இடது தண்டு

எங்கள் ஊரில் மாதா சப்பரத்தைத் தோளில்தான் தூக்குவார்கள். டிராக்டரில் வைத்துக்கொள்ளலாமே என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. முன்பக்க இடது தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. மாமனார் தூக்கினார், அவருக்குப் பிறகு என் கணவர் மரியசெல்வம். சப்பரம் தோளுக்கு ஏறியதும், பிள்ளை இல்லாத பெண்கள் முழங்காலிட்டு அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடமும் நான் அப்படி வந்தேன். மேலே அவர், கீழே நான்.

ஊசி, ஸ்கேன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் எனக்கு மட்டும்தான் நடந்தன. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்காரர கூட்டிட்டு வா" என்று போன இடமெல்லாம் சொன்னார்கள். என் மாமியார் ஒப்பவில்லை.

"மார்க்கெட் கமிட்டில மல்லாட்டை மூட்டைய ஒத்தை ஆளா தூக்கறான். அவனுக்கு இன்னா கொறை?"

அந்த வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர் சாயந்திரமானால் இடது பக்கம் அடியில் கனமாக வலிக்கிறது என்று சுருண்டு படுப்பார். வேலை அலுப்பு என்பார். இந்த வருடம் வலி தாங்காமல் போன பிறகுதான் என்னோடு விழுப்புரம் வந்தார்.

டாக்டர் அவரை நிற்கவைத்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்துவிட்டு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"சில பேருக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குமே, பாத்திருக்கீங்களா? அதே மாதிரி இவருக்கு விரைப்பையில, இடது பக்கம். வெரிகோசில்னு பேரு. ரத்தம் மேல ஏறாம அங்கேயே தேங்குது, சூடு ஏறுது. விதை அந்தச் சூட்டைத் தாங்காது. இடது விதை கொஞ்சம் சுருங்கியிருக்கு. விந்தணு கம்மி, இருக்கறதும் சரியா நீந்தல."

"மூட்டை தூக்குனதாலயா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாது. நிறைய பேருக்கு வயசுப் பருவத்துலயே வந்துடும். தூக்கறப்ப வலி கூடும், அவ்வளவுதான்."

ஆபரேஷன் செய்தால் வாய்ப்பு கூடும், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அதுவரை டாக்டர் சொல்லாமல் இவர் பாரம் தூக்கவே கூடாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில் திருவிழாக் கொடி ஏறியது. மாமியார் தெருவெல்லாம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தார். என்னிடம், "நீ எப்பவும் போல சப்பரத்துக்குக் கீழ போயிடு. ஊர் வாய் மூடும்" என்றார்.

இந்த வருடமும் போனால் குறை என்னுடையது என்று ஊர் முத்திரை குத்திவிடும். ஏற்கெனவே அடுத்த வீட்டு அமுதா தன் மகள் வளைகாப்புக்குத் தெருவையே அழைத்தாள், என்னை விட்டுவிட்டாள்.

"போவ மாட்டேன் அத்த" என்றேன்.

தேர் அன்று மாலை கோயில் வாசலில் சப்பரம் நின்றது. மேளம் ஒலித்தது, பக்கத்திலேயே மைக் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் பெரியப்பா மகன் சாமுவேல்தான் சப்பரத்துக்குப் பொறுப்பு.

"டேய் செல்வம், இன்னாடா மாப்ள முறுக்கா ஓரமா நிக்கற? தண்டைப் புடி."

"ஆபரேஷன் பண்ணியிருக்குதுண்ணா."

"குடலிறக்கம்தான? எங்க நைனா அதோடவே தூக்குனாரு."

இதற்குள் அமுதா என் கையை இழுத்தாள். "விமலா, முட்டி போடு, நேரமாவுது."

"கீழ போற வேலை இந்த வருசம் எனக்கு இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குடலிறக்கம் இல்லண்ணா" என்றார். "விதையில நரம்பு சுருட்டல். கொறை எங்கிட்ட. இத்தினி வருசமா இவள சும்மா முட்டி போட வச்சிட்டோம்."

மேளம் நின்றது. "மைக்க ஆஃப் பண்ணுங்கடா" என்று பின்னால் ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏண்டா, இதெல்லாம் மாதா முன்னாடியா சொல்றது?" என்றார் சாமுவேல்.

"மாதாவுக்குத் தெரியாததா? உங்களுக்குத்தான தெரியல."

"மானம் போச்சே!" என்று மாமியார் தலையில் கை வைத்தார்.

"யாரு மானம்மா? இவ மானம் வருசா வருசம் இந்தத் தெருவுல போச்சே, அப்ப எங்க இருந்த?"

வேட்டியை மடித்துக் கட்டினார். "தூக்குங்க. இந்தத் தடவ நான் கீழ போறேன்."

"அப்ப இந்தத் தண்டு?"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது தண்டுக்கு வந்து நின்றேன்.

"பொம்பள தூக்கற வழக்கம் இல்லம்மா."

"தண்டு எங்க வீட்டுது மாமா. வீட்டுல தூக்கற நெலமையில இருக்கறது நான்தான்."

சாமுவேல் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மாதா முன்னால் எரிந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். "தூக்குங்கப்பா, எல்லாம் உருகிப்போவுது" என்றார்.

தூக்கினோம். கட்டையின் விளிம்பு கழுத்தோரம் அறுத்தது. இத்தனை காலம் இவர் இதையா அந்த வலியோடு சுமந்தார் என்று ஆத்திரமாக வந்தது. கீழே அவர் ஒரு கையால் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல முழங்காலால் நகர்ந்தார். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். டெஸ்ட் எப்படி வந்தாலும் இனி நான் இதன் அடியில் நுழையப் போவதில்லை.

நான் குள்ளம். சப்பரம் என் பக்கம் சரிந்தது. மாதாவின் மாலை ஒருபக்கமாகத் தொங்கியது.

"சாயுதும்மா, சாயுது! ஒசத்திப் புடி!" என்று வலது தண்டிலிருந்து சாமுவேல் கத்தினார்.

"எனக்கு இவ்வளவுதான் ஒசரம். நீங்க குனிங்க மாமா."

முணுமுணுத்துக்கொண்டே அவர் முழங்காலை மடக்கினார். பின்னால் இருந்தவர்களும் மடக்கினார்கள். சப்பரம் நேரானது. என் கணவர் வெளியே வரும்வரை அப்படியே நின்றோம்.