நண்டு கழற்றி வைத்தது

அந்தக் கல்லை முதலில் கண்டது நானா, என் நாத்தனாரா என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவளைக் கேட்டால் தானேதான் என்பாள். மழைக்குப் பின் கடலோரச் சரிவில் உருண்டு கிடந்தது. உள்ளங்கை அளவு. கல்லாகிப்போன நண்டுக்கால் ஒன்றின் நுனி ஓரத்தில் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதுவரை என் நினைவு சரி.

அவள் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வேலைக்குப் போகாமல் இருந்தாள். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

“மயிரிழை பிசகினாலும் போட்டுக்கிறவங்களுக்கு ஈறு புண்ணாயிடும், அண்ணி. இந்தக் கையை எப்படி நம்பறது?”

“கல்லுக்கு ஈறு கிடையாது. இதுல பழகிப் பாரு.”

“சொல்லிட்டு நீங்க புத்தகத்தைத் தூக்கிட்டு உட்கார்ந்துடுவீங்க.”

அப்படித்தான் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையில் விளக்கு, பூதக்கண்ணாடி, அவளுடைய சின்ன டிரில், ஊசி, தூசி தட்ட ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். நாங்கள் மணிக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டோம். டிரில் மட்டும் ஈ மாதிரி ரீங்கரிக்கும். என் கணவர் எட்டிப் பார்த்து, “இந்த நண்டு வேகறதுக்குள்ள எனக்குப் பசியே மறந்துடும்” என்பார்.

“உனக்கு ஓடு மட்டும்தான் அண்ணா” என்பாள் தலை நிமிராமல்.

கால்கள் வந்தன. கொடுக்கு வந்தது. முதுகோட்டின் பின்பக்கத்தை எட்டிய அன்று ரீங்காரம் சட்டென்று நின்றது. ஓடு உடலிலிருந்து பிரிந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

“கை வழுக்கிடுச்சு. உடைச்சுட்டேன்.”

டிரில்லைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் நாளைக்குச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். கல்லை நகர்த்தாமல், அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில், ஒட்டியாவது வைக்கலாம் என்று பசையோடு வந்தாள். கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணி, உடைஞ்ச இடம் சொரசொரன்னு, வெளுப்பா இருக்கும். இது வழவழன்னு இருக்கு. இடுக்குல கல்லு வேற கெட்டியா அடைச்சிருக்கு.”

“அப்படின்னா?”

“இது நேத்து உடைஞ்சது இல்ல. படுக்கும்போது கழற்றி வைக்கிற பல்செட் மாதிரி இருக்கு.”

கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனோம். வளரும்போது நண்டு ஓட்டைப் பின்பக்கமாகத் திறந்துகொண்டு வெளியேறிவிடும், இது அப்படி விட்டுப்போன சட்டை என்றார் அங்கிருந்த அம்மா.

“அப்ப நண்டு சாகலையா?” என்றாள் நாத்தனார்.

“இதுக்குள்ள சாகலை.”

வெளியே வந்ததும், படியில் நின்றபடியே முதலாளிக்குப் போன் செய்தாள். “திங்கட்கிழமை வரேன் சார்.”

நண்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒட்டாமல், திறந்தபடி. நாத்தனார் பட்டறையில் இருக்கிறாள்; குளிர் நாளில் மணிக்கட்டு வலிக்குமாம். என் கணவருக்குப் போன வருடம் முன்பற்கள் போய்விட்டன. அவள்தான் செட் செய்து கொடுத்தாள், ஈறு புண்ணாகவில்லை. நான் அதே மேசையில் படித்துக்கொண்டிருக்கிறேன்.