வருகைக்கு முன் புதைத்த ஜாடி

கோஸ் லாரி வளைவில் திரும்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடித்தது. தல்சுன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, முற்றத்தின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்திவிட்டாள். கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் மான்சோக் சிரிக்க ஆரம்பித்தான். பாதி வாழ்க்கையை நிலக்கரிச் சுரங்கத்தில் தள்ளியவனுக்குச் சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும்.

“இந்தாம்மா, கையை இறக்கு. வந்தது கர்த்தர் இல்ல, கோஸ் விக்கிறவன்.”

“சிரிங்க, நல்லா சிரிங்க. நிஜமாவே எக்காளம் ஊதுற அன்னிக்கு இப்படியே நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருக்கப் போறீங்க.”

“அன்னிக்கு எனக்கு டூட்டி இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டுக்குக் காவல் வேலைக்குக் கிளம்பினான்.

லாரியைச் சுற்றித் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். தேபேக் மலைப்பக்கம் நவம்பர் பிறந்தால் பெண்களுக்கு வேறு பேச்சே கிடையாது. கோஸை உப்பில் ஊறப்போட்டு, மிளகாய்த்தூளும் பூண்டும் உப்பில் ஊறிய இறாலும் பூசி, ஜாடியில் கிம்ச்சியாக அடைத்து முற்றத்து மண்ணில் புதைத்தால்தான் பனிக்காலம் முழுக்கத் தொண்டையில் சோறு இறங்கும். போன வருஷம்வரை லாரிக்கு முன்னால் முதலில் போய் நிற்கிறவள் தல்சுன்தான். இந்த வருஷம் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்ததோடு சரி. அவள் சபையைச் சேர்ந்த ஒருத்திகூட ஒரு கோஸ் வாங்கவில்லை.

சுரங்கம் மூடியபிறகு ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பலருக்கு மலையடிவாரத்துத் தகரக்கூரைச் சபைதான் போக்கிடம். அங்கே நாம்குங் பாஸ்டர் தேதியே குறித்துவிட்டார். இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை, உச்சிவேளை. பனிக்காலம் தொடங்குவதற்குள் ஆண்டவர் வந்து தம்முடையவர்களை மேகத்தில் எடுத்துக்கொள்வார்.

“கோஸை உப்புல போடுறவ ஆண்டவரைப் பாத்து என்ன சொல்றா தெரியுமா?” என்று பாஸ்டர் மேஜையைத் தட்டிக் கேட்டார். “‘மெதுவா வாங்க ஆண்டவரே, எனக்கு வசந்தம்வரைக்கும் சாப்பாடு இருக்கு’ன்னு சொல்றா! அவளுக்கு எதுக்குக் கிரீடம்? மிளகாய்க் கூடையைக் கவுத்துக்கட்டும்! வியாழக்கிழமை இந்த வாசல்ல மிச்சம் இருக்கப் போறது நம்ம செருப்பு மட்டும்தான். பொன் தெருவுல நடக்கப் போறவனுக்குச் செருப்பு எதுக்கு?”

சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. தல்சுனும் கத்தினாள். ஆனால் அவளை உறுத்தியது கிரீடம் என்கிற அந்தச் சொல்தான்.

பரலோகம் போவது ஒன்று, அங்கே உட்கார இடம் கிடைப்பது வேறு. பாஸ்டர் அதை அவ்வளவு விவரமாகச் சொல்வார். உண்மையாயிருந்தவர்களுக்கு நியாயாசனத்தின் முன்னால் கிரீடம் கிடைக்கும். அவர்கள் சிங்காசனத்தைச் சுற்றி உட்காருவார்கள். இரண்டு மனமாக இருந்தவர்கள், தீப்பிடித்த வீட்டிலிருந்து உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்களைப்போல வாசலோரம் நிற்பார்கள். இன்னும் மோசமானவர்கள் எடுத்துக்கொள்ளப்படவே மாட்டார்கள், இங்கேயே கிடந்து அந்திக்கிறிஸ்துவின் கையில் சாவார்கள். சிறுபிள்ளைகளோ சிங்காசனத்துக்கு மிக அருகில் இருப்பார்கள்.

தல்சுனின் மகள் போமி அங்கேதான் இருக்கிறாள். பனி பாதையை அடைத்திருந்த ஒரு வாரத்தில், டாக்டர் வந்து சேர்வதற்குள், காய்ச்சலில் போனவள். பள்ளிக்கூடப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே போனாள். தாய்க்காரி வாசலோரம் வெறுந்தலையோடு நிற்பதையும், தூரத்திலிருந்து பிள்ளை ஒவ்வொரு கிரீடமாகத் தேடிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் தல்சுன் கனவில் பார்க்காத நாளே இல்லை.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ராமியன் நூடுல்ஸ்கூட ஒழுங்காக வேகவைக்கத் தெரியாது. அந்தப் பயம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் புருஷனிடம் மெல்லச் சொன்னாள். “வரும்போது பக்கத்து ஊர்லேருந்து கோஸ் வாங்கிட்டு வாங்க. சாக்குல கட்டி, யாரும் பாக்காம.”

மான்சோக் சாக்கோடு வந்து நின்றான். “ஏம்மா, வானத்துக்குப் போறவளுக்குக் கிம்ச்சி எதுக்கு? வழிச் சாப்பாடா?”

“எனக்கில்ல. உங்களுக்கு.”

“எனக்கா?”

“நாங்க போனதுக்கப்புறம் நெத்தியில அந்திக்கிறிஸ்துவோட முத்திரை போட்டவனுக்குத்தான் கடையில சாமான் குடுப்பான். நீங்க பசி தாங்கமாட்டீங்க. கிம்ச்சி இல்லாம ரெண்டு வேளை சோறு வச்சா மூணாம் வேளை நீங்களே போய் நெத்தியைக் காட்டுவீங்க. முத்திரை வாங்கிட்டா அவ்வளவுதான், அப்புறம் மீட்பே இல்ல. இந்த ஜாடி இருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம். அதுக்குள்ள ஆண்டவர் உங்கமேல மனசு வைப்பாரு.”

“அந்தக் கஷ்டகாலம் ஏழு வருஷம்னு சொன்னியே. ஏழு வருஷத்துக்கு ஒரு ஜாடியா?”

“சிக்கனமா சாப்பிடுங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முற்றத்து மூலையில் குழி தோண்டினான். நடுநடுவே நின்று இருமினான். அவள் குளியலறைத் தொட்டியில் கோஸை உப்பில் போட்டு, ஜன்னலைத் துணியால் அடைத்துவிட்டு, மறுநாள் தனியாளாக இடுப்பொடிய மசாலா பூசினாள். அக்கம்பக்கம் கூடிச் சிரித்துச் செய்கிற வேலையைத் திருடி மாதிரி செய்தாள். நான் சொல்கிறேன், அந்தச் சபையில் தல்சுன் அளவுக்கு வருகையை நம்பியவள் ஒருத்தியும் கிடையாது. தானும் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நினைக்கிறவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டுமா கிம்ச்சி போடுவாள்?

ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? மிளகாய் எரிச்சலும் பூண்டு வாடையும் வினிகர் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கை விட்டுப் போகவில்லை. அதிகாலை ஜெபத்தில் எல்லாரும் வட்டமாகக் கைகோத்தபோது அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஓக்நான் அக்கா. சபையில் முதல் ஆளாகத் தன் வீட்டு ஜாடிகளைத் தெருவில் போட்டு உடைத்தவள் அவள். ஜெபம் முடிந்ததும் ஓக்நான் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“என்ன தல்சுன், கையில வாசம் தூக்குது?”

“பக்கத்து வீட்ல கொஞ்சம் ஒத்தாசைக்குப் போனேன் அக்கா.”

“ஓஹோ. ஒத்தாசை.”

பொய் வேறு சேர்ந்துகொண்டது. அன்று மதியமே ஓக்நான் படலைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூலையில் புதுமண்ணையும் மேலே போட்டிருந்த வைக்கோலையும் பார்த்தாள். திட்டவில்லை. தல்சுனின் தோளில் கை வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தல்சுனுக்கு இருந்தது.

“உடைச்சிடும்மா. வியாழன்வரைக்கும் நேரம் இருக்கு. நான் யார்கிட்டயும் மூச்சுவிடமாட்டேன். ஒரு ஜாடிக்காக உன் பொண்ணு முகத்தைப் பாக்க முடியாமப் போயிடும். யோசிச்சுக்கோ.”

அதற்கப்புறம் தல்சுனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை. மான்சோக் வேலைக்குப் போனதும் அவள் வெள்ளை உடை உடுத்திக்கொண்டு, கரி உடைக்கும் சுத்தியலோடு மூலைக்குப் போனாள். வைக்கோலை விலக்கி மூடியைத் திறந்தாள். பூண்டும் மிளகாயும் கலந்த வாடை எழுந்தது. சுத்தியலை ஓங்கினாள். போமியின் முகம் தெரிந்தது. கூடவே, காலிக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து சுவரைப் பார்த்து இருமிக்கொண்டிருக்கும் ஒருவனின் முதுகும் தெரிந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்கினாள். மறுபடி ஓங்கினாள். சுத்தியல் காலருகே விழுந்தது. “என்னால முடியல, ஆண்டவரே,” என்று வாய்விட்டு அழுதாள். மூடியை மூடி வைக்கோலைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

ஓடினாள். மேட்டில் மூச்சு இரைக்க ஏறிச் சபை வாசலை அடைந்தவள் நின்றுவிட்டாள்.

வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. பாஸ்டரின் கறுப்பு ஷூ, பெண்களின் ரப்பர் செருப்புகள், பூட்ஸ்கள், ஓக்நான் அக்காவின் ஊதாக் கம்பளிச் செருப்பு, எல்லாம் இருந்தன. உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை.

கதவைத் தள்ளினாள். தரையில் உட்காரும் சிறு மெத்தைகள் அப்படியே கிடந்தன. பாட்டுப் புத்தகங்கள் திறந்தபடி இருந்தன. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மெத்தைமேல் யாரோ கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. ஆள் ஒருவரும் இல்லை.

“அக்கா?” என்றாள். “பாஸ்டர் ஐயா?”

கெட்டில் மூடி மட்டும் தடதடத்தது. போய்விட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள். வாசலோரத்து இடம்கூடத் தனக்கு இல்லை.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழியில் அரிசிக் கொழுக்கட்டைக் கடையில் ரேடியோ பாடியது, சைக்கிளில் ஒருவன் போனான். ஊர் எப்போதும்போல இருந்ததுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது. இவர்களெல்லாம் கைவிடப்பட்டவர்கள், பாவம், ஒருவருக்கும் தெரியவில்லை என்று நினைத்தாள்.

மான்சோக் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ஜாடியிலிருந்து ஒரு கோஸை எடுத்து, கையாலேயே நாராகக் கிழித்துச் சோற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தான். திருட்டுமுழி முழித்தான்.

“ருசி பாத்தேன். இன்னும் புளிக்கல—”

“எல்லாரும் போயிட்டாங்க.”

“யாரு?”

“சபையே போயிடுச்சு. செருப்பு மட்டும் கிடக்கு. என்னை விட்டுட்டாங்க. என்னை ஆண்டவர் விட்டுட்டாரு.” அவள் வாசற்படியில் சரிந்தாள்.

அவன் வாயிலிருந்த சோற்றை விழுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

“அப்ப நீ... பிள்ளைகிட்ட போகலையா?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“எந்திரி, போமியம்மா.”

பிள்ளை போன நாளிலிருந்து அவன் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. ‘இந்தாம்மா’, ‘ஏய்’ என்றே காலத்தை ஓட்டியவன். இப்போது எழுந்து, ஒற்றை ஷூவைத் தப்புக் காலில் மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“வா, போகலாம். எங்க நின்னு கூப்பிடணும்? அவர்கிட்ட நான் சொல்றேன். ஜாடி எனக்காகப் போட்டது, அவமேல தப்பில்லைன்னு சொல்றேன். உன்னையாவது கூட்டிட்டுப் போகட்டும்.”

கடவுளே இல்லை என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவன், மேட்டில் மூச்சு முட்ட, வானத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினான்.

சபை வாசலை அவர்கள் எட்டியபோது, பின்பக்கத்து மலைப்பாதையில் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வெறும் சாக்ஸோடு, சேறும் முள்ளுமாக, குளிரில் உதடு நீலம் பாரித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். கடைசி நிமிஷத்தில் பாஸ்டர், பரிசுத்த இடத்தில் செருப்பு ஆகாது, மலையுச்சியில் போய் எதிர்கொள்வோம் என்று எல்லாரையும் அழைத்துப் போயிருக்கிறார். உச்சிவேளை வந்தது, போனது. மேகம்கூட வரவில்லை. பாஸ்டர் எல்லாருக்கும் பின்னால், தலையை நிமிர்த்தாமல் இறங்கினார்.

தல்சுனுக்குள் ஏதோ ஒன்று குபீரென்று மேலே எழும்பியது. யாரும் போகவில்லை. யாரும் போகவில்லை! அது சந்தோஷம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஓக்நான் அக்கா அவளைப் பார்த்துவிட்டாள். “உடைச்சியா?”

“இல்ல அக்கா.”

“உன்னாலதான்டி! உன் ஜாடியாலதான் அவர் வரல! எங்க எல்லார் தலையிலயும் மண்ணைப் போட்டுட்டியே!”

“ஒரு ஜாடி கிம்ச்சியைத் தாண்டி வரமுடியாதவரா உங்க ஆண்டவர்?” என்றான் மான்சோக். மூச்சு திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது.

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் தல்சுன். ஓக்நானால் செருப்பைக்கூட மாட்ட முடியவில்லை, கால் அப்படி உதறியது. தல்சுன் குனிந்து ஊதாச் செருப்பைத் தேடி எடுத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். “வாங்க அக்கா. சூடா சோறு இருக்கு.”

ஓக்நானுக்கு மறுக்கத் தெம்பில்லை. வீட்டில் அவளுக்கென்று அடுப்பும் இல்லை, ஜாடியும் இல்லை; எல்லாவற்றையும் கொடுத்தும் உடைத்தும் தீர்த்தாயிற்று.

மூவரும் அடியில் சூடேற்றிய தரையில் சின்ன மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓக்நான் அழுதுகொண்டே சாப்பிட்டாள். புளிக்காத கிம்ச்சியைக் கரகரவென்று மென்றாள். மான்சோக் ஒரு துண்டு கிழித்து அவள் சோற்றின்மேல் வைத்தான்.

அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹாரன் எழுந்தது. மலையில் மோதி, நீளமாக, விடாமல் ஒலித்தது.

ஓக்நான் கிண்ணத்தைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

தல்சுனின் கைகள் உயரவில்லை. அவை மேஜைக்கு அடியில் பாய்ந்து புருஷனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தன. ஹாரன் நின்ற பிறகும் அந்தப் பிடி விடவில்லை. அவள் தன் கைகளையே பார்த்தாள். நிஜமான எக்காளம் ஊதும் நாளிலும் இவை இப்படித்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மேலே ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். ஆனாலும் விடவில்லை.

“வலிக்குது, போமியம்மா,” என்றான் மான்சோக், கையை இழுத்துக்கொள்ளாமலே.