கொலைக்கதைக்காரி

“நிறுத்துங்க மச்சான்.”

சவப்பெட்டிக்குள் மனைவி ஃப்ளோராவின் தலைமாட்டில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்த ஞானதாஸ் நிமிர்ந்தார். “அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா படிங்க.”

ஏனோக் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஃப்ளோராவின் அண்ணன், சபையின் செயலாளர். அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை விடிந்ததும் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தார்.

“‘சகோதரி ஃப்ளோரா அன்பான மனைவி, ஜெபவீராங்கனை. ஓய்வு நேரத்தில் பக்திக் கவிதைகளும் எழுதி வந்தார்.’ இதுல இன்னா தப்பு மாப்ள?”

“ஓய்வு நேரமா?”

ஞானதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எந்தக் காலத்தில் ஓய்ந்தாள்? உலை கொதிப்பதற்குள் ஒரு கொலை, துணி காய்வதற்குள் ஒரு பேய். மாத நாவல், வானொலி நாடகம், காதல் கதை என்று எதைக் கேட்டாலும் எழுதிக்கொடுத்தாள். துப்பறியும் கதை என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம். பக்திக் கவிதை ஒன்றே ஒன்று எழுதினாள், அதுவும் கிறிஸ்துமஸ் மலருக்காக ஏனோக் கொடுத்த தொல்லை தாங்காமல்.

“கொலைக்கதை எழுதுனான்னு போடுங்க.”

“பெட்டி பக்கத்துல நின்னுகினு பேசற பேச்சா இது? பாஸ்டர் இன்னா நெனைப்பாரு? ஜனங்க இன்னா நெனைப்பாங்க?”

“ஜனங்கதான மச்சான் படிச்சாங்க?”

அது உண்மை. மாத நாவல்கள் நின்றுபோனபின் ஃப்ளோரா போனிலேயே தொடர்கதை எழுத ஆரம்பித்தாள். மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ரயில் கிளம்புமுன் அதில் ஒரு பாகம் வந்துவிடும். ஊரில் பல வருஷமாக மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் அடியில் ஒரு புதுப் பிணம் கிடக்கிறது, கொன்றது யார்? இதுதான் கதை. நேற்று செவ்வாய்க்கிழமை, கடைசிப் பாகம் வரவேண்டிய நாள். காலையில் ஃப்ளோரா எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் பெங்களூரு இலக்கிய விழா ஒன்றில் அவளை மேடையேற்றினார்கள். ஞானதாஸ் கடைசி வரிசையில் கைப்பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்ட பெரிய மனிதர், “உங்கள் மக்கள் எவ்வளவு வலியைச் சுமந்தவர்கள். அதை எழுதாமல் கொலை, பேய் என்று ஏன் வீணாகிறீர்கள்?” என்றார். ஃப்ளோரா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வலி அவங்களுக்குத் தெரியாதா சார்? ரெண்டு மணி நேரம் ரயில்ல நின்னுகினு போறவங்க கையில அதையே எழுதிக் குடுக்கணுமா? வில்லன் மாட்டிகினானான்னுதான் அவங்க என்னைக் கேக்கறாங்க.”

அதன்பின் எந்த விழாவுக்கும் அழைப்பில்லை. திரும்பும் வழியில், அந்த ஆளை அடுத்த கதையில் சாகடிக்கப்போவதாக ஃப்ளோரா சொன்னாள். சொன்னபடியே முதல் பாகத்திலேயே சாகடித்தாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடுகளில் யார் இறந்தாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுத அவளைத்தான் தேடி வருவார்கள். பொய் எழுதமாட்டாள். பக்கத்து லைனில் குடித்தே செத்த ஜோஸுக்கு, ‘குடிப்பார். குடித்தால் தெருவுக்கே கேட்கும்படி பாடுவார். நேற்றிலிருந்து தெரு சும்மா கிடக்கிறது’ என்று எழுதினாள். அழுதுகொண்டிருந்த ஜோஸின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி எழுதியவளுக்குப் போய் ஜெபவீராங்கனையாம்.

பாஸ்டர் வந்தார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. ஏனோக் எழுந்து தன் தாளை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தார். ‘ஓய்வு நேரத்தில்’ என்ற இடத்தில் ஞானதாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஃபாக்டரியில் கிரேன் ஓட்டியவர் அவர். உயரத்தில் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களிடம் சைகையிலேயே காலத்தைத் தள்ளியவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

“பாஸ்டர் மன்னிக்கணும். என் பொஞ்சாதி கொலைக்கதை எழுதுனா. பேய்க்கதை எழுதுனா. நல்லா எழுதுனா. மூடி மறைக்கிற மாதிரி வேல ஒண்ணும் பண்ணல. அதச் சொல்லாம இந்தப் பெட்டிய யாரும் மூடக்கூடாது.”

ஏனோக்கின் முகம் சிவந்தது. அப்போது வாசலோரம் நின்றிருந்த அமலா, மெல்ல வாயைத் திறந்தாள். பெங்களூரில் தையல் ஃபாக்டரிக்குப் போகிறவள், இன்று லீவு போட்டிருந்தாள்.

“அண்ணே, போஸ்ட்மாஸ்டர்தான கொன்னது?”

“ஏய், எந்த நேரத்துல இன்னாடி கேக்கற?” என்று ஒரு பெண் அவள் கையைக் கிள்ளினாள்.

“போஸ்ட்மாஸ்டர் இல்ல, டாக்டரு” என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

“டாக்டர் அன்னிக்கு ஊர்லயே இல்லையே” என்றார் பாஸ்டர். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. பைபிளை ஒருமுறை திறந்து மூடினார். ஏனோக் அவரைப் பார்த்தார், பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் இப்போது ஞானதாஸைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாதும்மா. படுக்கறதுக்கு முன்னாடி கூட கேட்டேன். காலைல எழுதும்போதுதான் எனக்கே தெரியும், பேசாம தூங்குன்னா.” பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவளைப் போல ஒருத்தி இனி எங்கே கிடைப்பாள்?

தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்துகிடக்கும் சைனைட் மேட்டை ஒட்டிய பாதையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். முன்னால் பாடகர் குழு பாட ஆரம்பித்தது. பின்னால் வாக்குவாதம் ஆரம்பித்தது. கையுறையை எடுத்தது யார், டார்ச் லைட் எப்படி அணைந்தது, சாவி யாரிடம் இருந்தது. பாதி வழியில் பாட்டு தேய்ந்துபோய், பாடியவர்களும் டாக்டர் பக்கம் ஒரு கட்சி, போஸ்ட்மாஸ்டர் பக்கம் ஒரு கட்சி என்று பிரிந்துவிட்டார்கள்.

“நீங்க சொல்லுங்க அண்ணே, போஸ்ட்மாஸ்டர்தான?” அமலா விடுவதாயில்லை.

பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்திருந்த ஞானதாஸ் திரும்பாமலே சொன்னார். “அவன் இல்ல. ஆரம்பத்துலயே நம்பள சந்தேகப்பட வெச்சிட்டா இல்ல? அவ்ளோ சுளுவா விடமாட்டா அவ.”

“அப்போ யாரு?”

“இரு, யோசிக்கறேன்.”

தோளைச் சற்று உயர்த்திப் பெட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசல் வந்தது. யாரும் பேச்சை நிறுத்தவில்லை.