மெர்சி வீட்டுக்காரருக்குப் போர்த்திய பொன்னாடைகள்

1994 சுதந்திர தினத்தன்று கோயமுத்தூர் கணபதியில் பொன்னாடை போர்த்தப்பட்ட ஹவில்தார் பிரான்சிஸ், கைதட்டல் அடங்குவதற்குள் மேடையை விட்டு மேலே போய், மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாழைத் தோப்பில் இறங்கினார். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. பழக்கம் லேசில் விடுமா என்றார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருடம் கொஞ்சம் அதிகம்தான் என்றார்கள். விழா எடுத்த லேத் பட்டறைச் சங்கத்தார் மட்டும், மிச்சமிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மைக் செட்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

வாழைத் தோப்பு ஆறுச்சாமிக் கவுண்டருடையது. பிரான்சிஸின் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தவர். கவுண்டர் வீடுகளின் வாசலைத் தாண்டி அவரை யாரும் விட்டதில்லை. மகன் வாசல் வழியாக வரவே இல்லை. மேலே இருந்து வருகிறவரை எங்கே உட்கார வைப்பது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்காததால் கவுண்டர் திருதிருவென்று விழித்தார். அவர் மனைவி சென்னியம்மாள்தான், “ஏனுங்க, வெயில்ல நின்னுட்டு! உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க” என்று கூடத்திலேயே இலை போட்டார். புறப்படும்போது கவுண்டர் மரியாதைக்கு ஒரு துண்டைப் போர்த்தினார். போர்த்தியதுதான் தாமதம், விருந்தாளி மறுபடி கிளம்பிவிட்டார். அந்தத் துண்டு பவானி வரைக்கும்தான் தாங்கியது. அங்கிருந்து பஸ் பிடித்து வீடு வந்தார்.

வீட்டில் மனைவி மெர்சிக்குப் பதில் பாத்திரங்கள் பேசின. பின்னே என்ன! கல்யாணமான மாதமே ஆக்ராவுக்குப் பாராசூட்டில் குதிக்கப் போன மனிதர். மகள் ஸ்டெல்லா பிறந்தபோது ஏதோ ஒரு விமானத்தின் கதவோரம் நின்றிருந்தார். அவள் ஞானஸ்நானத்துக்கும் இல்லை, புதுநன்மைக்கும் இல்லை. இனிமேல் தரைதான் என்று சத்தியம் செய்து ஓய்வு பெற்று வந்தார். வந்து கால் ஊன்றுவதற்குள் இந்தக் கூத்து. வேண்டாமென்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று மெர்சி கேட்டாள்.

“எனக்குன்னா வேண்டாங்கலாம் மெர்சி. எழுபத்தொண்ணுச் சண்டையில எங்கூடக் குதிச்சுத் திரும்பி வராதவனுகளுக்கல்ல போத்தறாங்க? அதைய எப்பிடி வேண்டாங்கறது?”

மெர்சி இன்னொரு பாத்திரத்தை எடுத்து நங்கென்று வைத்தாள்.

அடுத்த இரண்டு வருடமும் கோயமுத்தூரில் அவரைக் கௌரவிக்காத சங்கம் பாக்கி இல்லை. பம்ப் செட்காரர்கள் போர்த்தினார்கள், கிரைண்டர்காரர்கள் போர்த்தினார்கள். மெரூன் நிறத் தொப்பியைச் சரிசெய்து, தன்னோடு குதித்தவர்களின் பெயர்களை மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, கும்பிட்டு, மேலே போவார். ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடை ஒன்று தன் பொன்னாடைதான் அதிக உயரம் போகும் என்று போர்டே வைத்தது. மழைக்காலத்தில் ஈர ஜரிகை அவ்வளவாக ஏறாது என்பதால் விழாக்களைத் தள்ளி வைத்தார்கள்.

1996 ஆகஸ்டில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் கூடியது. அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாதா கோயிலுக்குள் தன் கையைப் பிடித்துக் காலால் நடந்து வரவேண்டும். அதற்காகவே மெர்சி பத்திரிகையில் ‘பொன்னாடை கண்டிப்பாகத் தவிர்க்கவும்’ என்று கொட்டை எழுத்தில் அடிக்கச் சொன்னாள். அடித்தும் கொடுத்தார்கள். இந்த ஊரில் போதுமுங்க என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும். வேண்டாமுங்க என்பது இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று அர்த்தம். இங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷிக்கு இது எப்படி மறந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம். குத்துவிளக்கு தருவதாக இருந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டுப் பொன்னாடை வாங்கினார்கள்.

“கண்டிப்பான்னு வேற போட்டிருக்கீங்க. அதுக்காக வெறுங்கையோட வர முடியுங்களா?” என்று பம்ப் செட் சங்கத் தலைவர் மயில்சாமி கோயில் வாசலில் முதல் பொன்னாடையைப் போர்த்தினார். மெர்சி ஐயோ என்று ஓடி வருவதற்குள் ஏழெட்டு விழுந்துவிட்டது. பிரான்சிஸின் கால்கள் தரையை விட்டன. கையைப் பிடித்திருந்த ஸ்டெல்லா விடவில்லை. வெள்ளைச் சேலையும் முக்காடும் பூச்செண்டுமாக அவளும் கூடவே போனாள்.

மெர்சி சிலுவை போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மணிக்கூண்டுக்கு மேலே இருந்து அவர் குரல் மட்டும் அமைதியாகக் கேட்டது. “முட்டியச் சேத்து வெய்யி கண்ணு. கீழ பாக்காதே, நேராப் பாரு.” ஒரு பொன்னாடையின் முனையை இழுத்தார், இன்னொன்றைத் தளர்த்தினார். கோபிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்த்த காற்றை அதட்டாமல் மிரட்டாமல் தன் வழிக்குக் கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் அவர் வேலையை மெர்சி கண்ணால் பார்த்ததே இல்லை. மேலே போவதுதான் அவர் வேலை என்று கருவிக்கொண்டிருந்தாள். பத்திரமாகக் கீழே வருவதைத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் படித்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருவரும் கோயில் வாசற்படியில் வந்து நின்றபோது பூச்செண்டில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. பிரான்சிஸ் பொன்னாடைகளைக் கழற்றி, மடித்து, மெர்சி கையில் கொடுத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக் காலால் நடந்து உள்ளே போனார். மெர்சி பூசை முடியும் வரை அழுதுகொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும், கையிலிருந்தவற்றில் நல்ல ஜரிகையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து அவள் அவருக்குப் போர்த்தினாள்.

“இது திரும்பி வராதவங்களுக்கில்லீங்க. உங்களுக்கு” என்றாள். சொல்லிவிட்டு அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணபதி சிறுத்துப் போனது. பட்டறைகளும் ஓட்டுக் கூரைகளும் போய், தூரத்தில் மலைகள் நீலமாக வரிசை கட்டின. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதையெல்லாம் உட்டுப்போட்டு, ஒவ்வொருக்காலும் எப்பிடீங்க கீழ வர மனசு வந்துச்சு?”

“நீ கீழ இருந்தியே” என்றார் பிரான்சிஸ்.

கீழே முதல் பந்தி உட்கார்ந்தது.