நஜ்லா வடித்த அரக்

புனித எலியா திருநாள் கோயில் விருந்துக்கு எந்த வீட்டுத் திராட்சைச் சாராயம், எங்கள் பேச்சில் அரக், என்று ருசித்துச் சொல்லும் பொறுப்பு அந்த ஆண்டு எனக்கும் கறிக்கடை துமித்துக்கும் வந்தது. இரண்டு வீடுகளை முடித்துவிட்டு மூன்றாவதாக நஜ்லா வீட்டுக்குப் போனோம்.

போன அக்டோபரில் கணவனை அடக்கம் செய்த பத்தாம் நாளே, திராட்சை கெட்டுவிடக் கூடாதென்று தனியாக அடுப்பு மூட்டி, சோம்பு சேர்த்து, மூன்று முறை வடித்தவள் அவள். "அவ அரக்கு கோயில்ல வேண்டாம்னுட்டா வடிகலத்தை நான் தூக்கிட்டுப் போயிடுவேன். அது எங்கப்பாவோடது" என்று கொழுந்தன் ஜிரியஸ் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அன்று அவனும் வாசலில் சாய்ந்து நின்றான்.

நல்ல ஜூலை வெயில். குளிரக் கொடுக்கும் ஆசையில் நஜ்லா கிளாஸில் ஐஸை முதலில் போட்டு, அதன்மேல் அரக்கை ஊற்றினாள், பிறகுதான் தண்ணீர். மேலே ஆடை படிந்துவிட்டது. தண்ணீருக்குப் பிறகுதான் ஐஸ் என்பது ஆண்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஊற்றியது எப்போதும் அவள் கணவன்தான்.

"என்ன அண்ணி, அரக்கா கஞ்சியா?" என்றான் ஜிரியஸ்.

நஜ்லாவின் முகம் வெளுத்தது. ஐஸைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். துமித் என் காலை அழுத்தி மிதித்தான். நான் சொல்லியிருந்தால், ஊற்றவே தெரியாதவளுக்கு வடிகலம் எதற்கு என்று கொழுந்தன் கேட்டிருப்பான். எனக்கு அது தோன்றவில்லை.

துமித் அந்தக் கிளாஸை ஒரே மடக்கில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு வீட்டுச் சரக்குல நாக்கு செத்துப்போச்சு தங்கச்சி. இது அதை எழுப்புறதுக்கு. தீர்ப்பு அடுத்ததுலதான். புது கிளாஸ் கொண்டா, குடிச்சதுல மறுபடி ஊத்தக் கூடாது. தீர்ப்பு சொல்றவன் தன் கையாலதான் ஊத்திக்கணும்."

அப்படி ஒரு விதி எங்கள் ஊரில் கிடையாது. ஊரையே வாயால் வெட்டுகிறவன் என்று பெயரெடுத்த மனிதனிடம் கர்த்தர் இப்படியும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்.

அரக், தண்ணீர், கடைசியில் ஐஸ். நஜ்லா பார்க்கும்படி மெதுவாக ஊற்றினான். துளி ஆடை இல்லாமல் அரக் பால்போல் வெளுத்தது. குடித்தோம். முதலில் திராட்சை, விழுங்கிய பிறகே சோம்பு. தொண்டை எரியவில்லை. மற்ற இரண்டு வீடுகளும் இதன் பக்கத்தில் நிற்காது.

"இதுதான்" என்றேன். துமித் தலையசைத்தான்.

தீர்ப்பை எழுத நான் எடுத்த தாளை ஜிரியஸ் எட்டிப் பார்த்தான். "எங்க அண்ணன் பேரை எழுதுங்க."

"உங்கண்ணன் மோட்சத்துல இருந்து எறங்கி வந்தா அடுப்பு ஊதினான்?" என்றான் துமித். "நீ எழுதுய்யா."

நான் நஜ்லாவின் பெயரை எழுதினேன்.